பொய் டப்பா

ஸ்டீரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து, கால்கள் இரண்டையும் சீட்டின் மேல் போட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு அவள் முப்பத்தி இரண்டாவது ஒயரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவின் செருப்புகள் வந்து கதவோரம் நின்றன.

"ஆச்சாம்மா?"

வாயில் டார்ச் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து இதே கேள்விக்கு நாலு தடவை "இதோ" என்று சொல்லியாகிவிட்டது.

"மணி பன்னெண்டே முக்கால். ஒண்ணரைக்குப் பெட்டியோட வண்டி வந்துரும். மூணு மணிக்கு அடக்கம். லேட்டானா ஒத்துக்க மாட்டாங்களாம். நமக்கு அடுத்து வேற ஒருத்தர் இருக்காராம். செத்தாலும் வரிசைதான் போலருக்கு."

அவள் டார்ச்சை எடுத்தாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சித்தப்பா."

"பாரு பாரு. நான் ஒண்ணும் சொல்லல." சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

வீடு உள்ளே தள்ளி இருந்தது. தெருக் கேட்டிலிருந்து வாசல்வரை முப்பது அடிக்கு ஒரு சந்து. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளின் உயர்ந்த மதில்கள். அந்தச் சந்தின் நட்டநடுவில், கேட்டைப் பார்த்தபடி, இந்தப் பிக்கப் நின்றது. ஒரு பக்கம் வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். டிரைவர் பக்கம் மட்டும் ஓர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகரலாம். நேற்றிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் முதுகில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காலிப் பெட்டியைக் கூட ஒருக்களித்து உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஆளைக் கிடத்திய பெட்டியை ஒருக்களிக்க முடியாது. கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கும் அப்பாவுக்கு வெளியே போக வேறு வழி கிடையாது.

தள்ளிவிடலாமே என்று வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டார்கள். பழைய வண்டியென்றால் தள்ளலாம். இதில் கியர் என்பதே ரேடியோவின் குமிழ் மாதிரி ஒரு திருகு. கம்ப்யூட்டர் சரி என்று சொன்னால்தான் அது, சக்கரத்தைப் பூட்டிவைக்கும் 'பார்க்'கை விட்டு அசையும். அவசரத்துக்கு அதை விடுவிக்க வண்டிக்கு அடியில் ஒரு கேபிள் இருந்தது. டீசல் எஞ்சினை உட்கார வைக்க இடம் போதாமல் அப்பா அதை வெட்டி எறிந்துவிட்டார். இழுவை வண்டிக்காரனிடம் சித்தப்பா போனில் பேசிப் பார்த்தார். கேட்டின் அகலத்தைக் கேட்டதும் அவன் சிரித்தானாம்.

அப்பா நாற்பது வருஷம் டீசல் மெக்கானிக். எஞ்சினின் மேல் கையை வைத்தே எந்த இன்ஜெக்டர் சோம்பல் படுகிறது என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு சும்மா இருக்க வராமல், பெட்ரோல் எஞ்சின் வெந்துபோன இந்தப் பிக்கப்பை வாங்கினார். ஏழு வருஷத்து வண்டி. உள்ளே திரை, கேமரா, எல்லாச் சொகுசும். அதன் வயிற்றில், இருபது வருஷம் ரொட்டி ஏற்றிய ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை வைக்கப் போகிறேன் என்றார். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே கேள்விப்படாத எஞ்சின் அது. டீசலும் காற்றும் கொடுத்தால் ஓடும். நிறுத்தினால் நிற்கும்.

"எதுக்குண்ணே வம்பு? ஒயரை எல்லாம் புடுங்கிப் போட்டுட்டு ரெண்டு மீட்டர் வெச்சா முடிஞ்சுது" என்று சித்தப்பா அப்போதே சொன்னார். சொன்னவர்கள் பலர். அப்பா கேட்கவில்லை. கம்பெனி போட்ட ஒயர் ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது என்று நின்றார். காரணம் ஏ.சி. அம்மாவுக்கு வெயில் ஆகாது, மூச்சு வாங்கும். முப்பது வருஷமாக அப்பா ஓட்டிப் பார்க்க எடுத்துவரும் லாரிகளிலும் வேன்களிலும் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனவள். இந்தப் பிக்கப்பில் அவள் பக்கத்துக்கு மட்டும் தனியாகக் குளிர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏ.சி. கம்ப்யூட்டரைக் கேட்கும். கம்ப்யூட்டர் எஞ்சினைக் கேட்கும். எஞ்சினோ வாய் பேசாத பழைய ஆள்.

அதற்குத்தான் அவள் வந்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். எந்தக் கதவு மூடியிருக்கிறது, எந்தக் கயிறு இறுகியிருக்கிறது என்று நூறு சின்னச் சின்னச் செய்திகள் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் ஒரு லிஃப்ட் நகரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, ஐந்து மாதத்தில், சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா செய்தாள். பழைய பெட்ரோல் எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறது, சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு, எல்லாம் நலம் என்று அது கம்ப்யூட்டரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அப்பா அதற்குப் பொய் டப்பா என்று பேர் வைத்தார்.

"நம்ம வீட்டுல உங்கம்மா வாயில பொய்யே வராது. எனக்குச் சொன்னா ஒடனே மாட்டிக்குவேன். அதான் காசு போட்டு ஒரு டப்பா செய்ய வேண்டியிருக்கு" என்பார்.

இருபது நாளுக்கு முந்தைய ஞாயிறு, எஞ்சின் முதல் தடவையே பிடித்தது. மீட்டர் முட்களெல்லாம் எழுந்து நின்றன. ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து சந்துவரை ஓட்டி வந்து, நிறுத்தி, ஹாரன் அடித்து அம்மாவைக் கூப்பிட்டார். நாளைக் காலை நாம் இரண்டு பேரும் ஒரு ரவுண்டு என்றார். அவர் அந்த மாதத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தார். ஆறு மாசம் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆறு மாசமா? எஞ்சினையே நான் அஞ்சு மாசத்துல மாத்திட்டேன்" என்று அதையும் வேடிக்கையாக்கிவிட்டார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. டேஷ்போர்டில் பூட்டுப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

"உன் டப்பா மாட்டிக்கிச்சு" என்றார் போனில். "எஞ்சின் வேறன்னு வண்டி கண்டுபிடிச்சிருச்சு."

அவள் ஒருநாள் லீவு போட்டு வந்து பார்த்தாள். டப்பாவில் குற்றம் தெரியவில்லை. கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனரைச் செருகினால் 'அனுமதி இல்லை' என்றது. யாருக்கு, எதற்கு என்று அது சொல்லாது. போனில் பேச்சு நாளுக்கு நாள் தடித்தது. நீங்கதான் எதையாவது குடைஞ்சு வெச்சிருப்பீங்க என்று அவள் சொன்னாள். லிஃப்ட்டுக்காரியை நம்பி எறங்கினேன் பாரு என்று அவர் சொன்னார். அவள் போனை வைத்தாள். இரண்டு ஞாயிறு வரவில்லை. அவர் தினமும் விடிந்ததும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெயில் ஏறி இரும்பு கொதிக்கும்வரை டேஷ்போர்டுக்கு அடியில் தேடினார். நேற்றுக் காலை அம்மா டீ கொண்டுபோனபோது ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை.

நேற்று முழுக்க அவள் அழவில்லை. அழவிடாமல் ஒரு கேள்வி குறுக்கே நின்றது. டப்பா தப்பா, இல்லையா? தப்பென்றால், பத்தொன்பது நாள் அவரை அந்தச் சூட்டில் போட்டு வதைத்தது அவள்தான். அப்பா செத்துக் கிடக்கும் வீட்டில் இப்படித் தன்னைப் பற்றியே நினைப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதையேதான் நினைத்தாள்.

முப்பத்தி இரண்டும் சரி. முப்பத்தி மூன்றும் சரி. எழுந்து உட்கார்ந்தாள். கதவு பாதிக்கு மேல் திறக்காது, மதில் இடிக்கும். இந்தப் பக்கமும் மதில், அந்தப் பக்கமும் மதில், தலைக்கு மேலே சூடான கூரை. லிஃப்ட்டில் சிக்கிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து அவள் வழக்கமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. பயப்படாதீங்க, காத்து வரும், எல்லாப் பட்டனையும் அமுக்காதீங்க. அவள் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டாள்.

"சித்தப்பா, பானெட்டைத் தூக்குங்க. எஞ்சினை நேரா எழுப்பிப் பாக்கறேன்."

"கம்ப்யூட்டரைக் கேக்காமயா?"

"கேக்காமத்தான்."

டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கொடுத்தாள். நீளமான ஸ்க்ரூடிரைவரை ஸ்டார்ட்டரின் இரண்டு திருகாணிகளுக்கும் குறுக்கே வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது. அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சந்து முழுக்க அந்தக் கனத்த சத்தம் நிறைந்தது. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"எந்திரிச்சிட்டாருய்யா எங்கண்ணன்!" என்று சித்தப்பா கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் ஓடிப்போய் உள்ளே ஏறிக் குமிழைத் திருகினாள். அசையவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு திருகினாள். இரண்டு கையாலும் திருகினாள். வண்டியே அதிர ஓடிக்கொண்டிருந்தது எஞ்சின். டேஷ்போர்டில் முள் பூஜ்யத்தில் கிடந்தது. பூட்டு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. ஓடுகிற எஞ்சினை வண்டி கண்டுகொள்ளவே இல்லை.

வால்வின் ஒயரை உருவினாள். சத்தம் நின்றதும் முன்பைவிட அதிகமாகப் புழுங்கியது.

"அப்போ எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார் சித்தப்பா மெதுவாக.

"இல்ல."

"அப்போ..." அவர் டப்பா இருக்கும் இடத்தைப் பார்த்தார். மேலே பேசவில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்த மனிதரே இல்லை அவர். அவர் பேசாதது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒன்றரை மணிக்குப் பெட்டி வண்டிக்காரர் வந்தார். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் அளவு டேப். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, சந்தை எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்து, பிக்கப்பின் உயரத்தை அளந்தார். இதைவிட மோசமான சந்தெல்லாம் பார்த்திருப்பார் போல. முகத்தில் பதற்றமே இல்லை.

"மூணாவது மாடியிலேர்ந்து ஜன்னல் வழியா எறக்கியிருக்கோம். இது என்ன, ஆறடி. பின்னால ட்ரேயில ஏத்தி, கேபின் மேல தூக்கி, பானெட் வழியா முன்னாடி எறக்கிரலாம். மேல நாலு பேர், கீழ நாலு பேர். கூரை கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான்."

"நெளிஞ்சா நெளியட்டும். ஓடாத வண்டிக்குக் கூரை ஒரு கேடா" என்றார் சித்தப்பா. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே முதலில் பின்னால் ஏறினார். ஐம்பத்தெட்டு வயதில் ஏறவேண்டிய ஏற்றமில்லை. ஒரு கால் வழுக்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

காலிப் பெட்டி ஒருக்களித்தபடி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தூக்குகிற சத்தமும், மெதுவா மெதுவா என்ற குரல்களும் கேட்டன. அவள் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் தலைக்கு மேல் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். இந்தக் கூரை அவர் பாரத்தில் டமக் என்று நெளியும் சத்தத்தைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அம்மா வாசலுக்கு வந்தாள். நேற்றிலிருந்து அம்மாவின் குரலை யாரும் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிக்கப்பின் மேல் நிற்கும் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அவரை அந்த வண்டி மேல ஏத்தாதீங்க."

"வேற வழி இல்லண்ணி" என்றார் சித்தப்பா மேலேயிருந்து. "மணியப் பாருங்க."

"ஏத்தாதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அந்தச் சாவியை எடுத்துக்கிட்டு உள்ள வா."

படுக்கையறையில் அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் அப்பாவின் பக்கம் தலையணை இன்னும் குழிந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தையல் சாமான் வைக்கும் பழைய பிஸ்கட் டின்னை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். நூல்கண்டுகளை எடுத்தாள். பட்டன்களை ஒதுக்கினாள். அடியில், மாத்திரை அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு வெள்ளித்தாள் சின்னதாக மடிந்து கிடந்தது.

"குடு."

சாவியை வாங்கினாள். அதன் கறுப்புத் தலையின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். தலை இரண்டாகப் பிளந்தது. முன்பே செய்து பழகிய கை. வெள்ளித்தாளைப் பிரித்தாள். உள்ளே, அரை மாத்திரை அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு.

மகளுக்கு அது என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. இந்தச் சாவி இந்த வண்டியுடையதுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் துண்டு. அது இல்லாவிட்டால் சாவி வெறும் இரும்பு. வண்டிக்கு இருந்ததே ஒரு சாவி. அந்தச் சிவப்பு விளக்கு பத்தொன்பது நாளாகக் கேட்டது இதைத்தான். வேறு எஞ்சினைத் திருட்டுத்தனமாக உள்ளே வைத்தவர்களுக்கு எந்தப் போலீஸைப் பார்த்தாலும் தன்னைத் தேடி வந்ததாகத்தான் தோன்றும். அப்பாவும் அவளும் மாற்று எஞ்சினையும் பொய் டப்பாவையும் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. கையில் இருந்த சாவியைத் திறந்து பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. டப்பா தப்பில்லை. உடம்பெல்லாம் லேசாகி, மூச்சு முழுதாக உள்ளே போனது. அடுத்த நொடி, எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் வெரல் தடிமன்" என்றாள் அம்மா, சாவியைப் பார்த்தபடி. "வண்டி வாங்கினப்ப பழைய கூடு ஒடஞ்சிருந்துச்சு. இதைப் புதுக் கூட்டுக்குள்ள மாத்தினதே நான்தான். 'இது இல்லன்னா இந்த வண்டி நம்மள யாருன்னே கேக்காது, பத்திரம்'னு சொல்லிக் குடுத்தாரு."

"எப்ப எடுத்தே?"

"அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம். அவர் குளிக்கப் போனப்ப. ரோட்டுல ஓட்டிக்கிட்டிருக்கறப்ப மயங்கிட்டா? டாக்டர் சொன்னா கேக்கற ஆளா அவரு? ரெண்டு நாள் வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப அவர் எதிர்லயே குடுத்துரலாம்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உன்கிட்டச் சொன்னா அவர்கிட்டச் சொன்ன மாதிரி. நீயும் அவரும் ஒண்ணு."

"நாங்க சண்டை போட்டுக்கிட்டோம்மா." குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் ஆள் இருப்பது நினைவுக்கு வந்து தாழ்த்திக்கொண்டாள். "என் டப்பாதான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அன்னிக்குப் போன வெச்சிட்டு வந்து இங்கதான் உக்காந்தாரு. 'புள்ளைய அழ வெச்சிட்டேன்டி'ன்னாரு. அப்பக்கூட எனக்கு வாய் வரல." அம்மா கறுப்புத் துண்டை அதன் பள்ளத்தில் பொருத்தி, தலையை மூடி அழுத்தினாள். டிக் என்றது. "தெனமும் சொல்லிரணும்னுதான் டீ எடுத்துக்கிட்டுப் போவேன். அவர் கையெல்லாம் கறுப்பா, ஒயரைப் புடிச்சுக்கிட்டு, 'இன்னிக்குக் கண்டுபிடிச்சிருவேன் பாரு'ம்பாரு. மொகத்துல அவ்வளவு சந்தோசம். டம்ளரை வாங்கிக்கிட்டு வந்துருவேன். பத்தொம்பது டம்ளர்."

சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் இதயம் ஒரு வருஷமாகவே சரியில்லை, கட்டிலில் படுத்திருந்தாலும் நடந்திருக்கும், நீ காப்பாற்றத்தானே பார்த்தாய். எல்லாம் நிஜம். ஆனால் வராமல் விட்ட இரண்டு ஞாயிறு நெஞ்சில் கல்லாகக் கிடந்தன. அந்தச் சொற்களை அவளால் எடுக்க முடியவில்லை. அம்மாவின் மேல் கோபமாக இருந்தது, அம்மா பாவமாகவும் இருந்தாள், இரண்டும் ஒரே நேரத்தில்.

"நான்தானடி அவரை..."

கதவு தட்டப்பட்டது. "என்னம்மா, தூக்கிரலாமா? மணி ரெண்டாகப் போகுது."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். சாவியை நீட்டினாள். அவள் அதை வாங்கிக்கொண்டு, அம்மாவைத் தொடாமல், கதவைத் திறந்தாள்.

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன் சித்தப்பா. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க."

வண்டிக்குள் ஏறிச் சாவியைச் செருகினாள். சிவப்புப் பூட்டு எரிந்தது. இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. திருப்பினாள். எஞ்சின் பிடித்ததும் முள் துள்ளி எழுந்து எண்ணூறில் நின்றது. சூடு, எண்ணெய், சார்ஜ் என்று ஒவ்வொரு விளக்காக அணைந்து டேஷ்போர்டு சுத்தமானது. டப்பா தன் வேலையை ஒரு குறையுமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தாரே என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மதிலோரமாக ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி வண்டிக்காரர் அளவு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைதட்டப் போனவர், இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார். சித்தப்பா பாதிக் கதவு வழியாகத் தலையை நுழைத்தார்.

"என்னம்மா பண்ணினே? என்னதான் கோளாறு?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால், வாசற்படியில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். சித்தப்பா கேட்டது அம்மாவுக்கும் கேட்டிருந்தது. அம்மா ஒரு படி இறங்கினாள். நேற்றிலிருந்து அதிகம் பேசாத அந்த வாய் திறப்பது கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. பொய் வராத வாய். இத்தனை பேர் நடுவில் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

"என் டப்பாதான் சித்தப்பா" என்றாள் அவள் சத்தமாக, எஞ்சின் சத்தத்தையும் தாண்டிப் பின்னால் வாசற்படிவரை கேட்கும்படி. "ஒரு ஒயர் சரியா பத்தவெக்கல. விட்டுப் போயிருந்துச்சு. இப்பத்தான் பாத்தேன். என் தப்புதான்."

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஒரு ஒயரா?"

"ஆமா."

"ஒரு ஒயருக்காம்மா எங்கண்ணன் பத்தொம்பது நாள் இதுக்குள்ள கெடந்து வெந்தாரு?"

"ஆமா சித்தப்பா."

அவர் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். மதிலைப் பார்த்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மறதி என்பதே கிடையாது. இனி அவர் இருக்கும்வரை, குடும்பத்தில் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம், லிஃப்ட்டுக்காரி பத்தவைக்காமல் விட்ட அந்த ஒயரின் கதை வரும். அவள் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது தெரிந்துதான் சொன்னாள். கண்ணாடியில் அம்மா இறங்கிய படியிலேயே நின்றிருந்தாள். வாய் இன்னும் திறந்திருந்தது.

குமிழைத் திருகினாள். வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. சந்தின் மதில்கள் இரண்டு பக்கமும் மெதுவாகப் பின்னால் போயின. கேட்டைத் தாண்டி, தெருவில் ஓரமாக நிறுத்தினாள். காலியான சந்தில் வெயில் நேராக விழுந்தது. சிறிது நேரத்தில் ஆறு பேர் தோளில் பெட்டி வந்தது. நேராக, படுத்தவாக்கில், ஒரு பக்கமும் இடிக்காமல் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் வந்து கேட்கவில்லை.

பெட்டி வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம். சித்தப்பா அதில் ஏறிக்கொண்டார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிக்கப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. அம்மா கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். கையில் ஈரத்துண்டு இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருப்பாள். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் துழாவினாள். அவள் குனிந்து மாட்டிவிட்டாள்.

"நீ எதுக்குடி அப்படிச் சொன்னே?" என்றாள் அம்மா.

"பெல்ட் இறுக்கமா இருக்கா?"

"இல்ல."

முன்னால் பெட்டி வண்டி நகர்ந்தது. அவள் பின்னாலேயே எடுத்தாள். முதல் திருப்பத்தில் ஏ.சி. தானாகவே ஓடத் தொடங்கியது. திரையில் இரண்டு எண்கள் வந்தன. டிரைவர் பக்கம் இருபத்தாறு. அந்தப் பக்கம் பதினெட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. காற்று வரும் துவாரத்தின் தகடுகள்கூட அம்மா உட்காரும் இடத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன.

குளிர் அதிகமாக வந்தது. அவள் அணைக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அம்மா ஈரத்துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் போகும் வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. தகடுகளை அம்மா திருப்பிவைக்கவில்லை.